கை மரத்துப்போனால் இதயத்தைப் பார்க்கச் சொல்லும் கணினி! தெரியுமா?

மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல்கள் மரத்துப்போகிறதே, கார்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 98 பேர். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், அவர்கள் கையிலிருந்து எடுத்த துணுக்குத் திசுவைக் குப்பையில் போடாமல் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. 10 பேரின் திசுவில் அமிலாய்ட் என்னும் புரதக் கசடு! அந்தப் பத்துப் பேரைத் தொடர்ந்து சோதித்ததில் 2 பேருக்கு இதயத்திலும் அதே கசடு. கை வலிக்காக வந்தவர்கள் அவர்கள்.

கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலும் ஒரே புரதம்தான் சம்பந்தம். டிரான்ஸ்தைரெட்டின் என்று பெயர். நம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது. கல்லீரல் தயாரிக்கிறது. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்தில் சுமந்து திரிவது அதன் வேலை. நான்கு துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்தால்தான் ஒரு முழுப் புரதம். வயதாக ஆக, சிலருக்கு அந்தக் கை விட்டுப்போகிறது. பிரிந்த துண்டுகள் கோணலாக மடிந்து, நூல் நூலாகத் திரண்டு, போகிற இடத்தில் எல்லாம் படிகின்றன. மணிக்கட்டுத் தசைநாரில், முதுகெலும்புக் கால்வாயில், கடைசியில் இதயத் தசைகளுக்கு நடுவே. படியப் படிய இதயம் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துப்போகிறது. சுருங்குவதில் அப்போதைக்குக் குறை தெரியாது. விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியாது.

கஞ்சி என்றதும் இன்னொன்று. 1854-இல் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவ மேதை, இந்தக் கசடின் மேல் அயோடின் விட்டுப் பார்த்தார். மாவுப்பொருளில் அயோடின் பட்டால் நிறம் மாறுமே, பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை வைத்துச் செய்திருப்போம், அதே சோதனைதான். நிறம் மாறியது. சரி, இது மாவுச்சத்து வகைதான் என்று எழுதிவிட்டார். ஐந்தே ஆண்டில், 1859-இல், ஃப்ரீட்ரைக், கெக்குலே என்ற இருவர் வேதியியல் பரிசோதனை செய்து இதில் மாவும் இல்லை மண்ணும் இல்லை, இது புரதம் என்று காட்டினார்கள்.

கிளீவ்லண்டில் பயன்பட்ட சாயத்தின் கதை இதைவிடச் சுவாரசியம். காங்கோ சிவப்பு என்பது அதன் பெயர். 1883-இல் பால் பாட்டிகர் என்ற வேதியியலாளர் பருத்தித் துணிக்காகக் கண்டுபிடித்த சாயம். ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டுக்கொள்ள ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் மாநாடு கூட்டிய காலம் அது. ஊரெல்லாம் காங்கோ பேச்சு. சரக்கு விற்க வேண்டுமே, கம்பெனி அந்தப் பெயரையே ஒட்டிவிட்டது. 1922-இல் பென்ஹோல்ட் என்ற மருத்துவர் இது அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். சாயமேற்றிய திசுவைத் தளவிளைவு ஒளியில் வைத்தால் ஆப்பிள் பச்சையாக மின்னும். துணிக்கடைச் சாயம், நூறாண்டு கடந்தும், இந்த நோய்க்கு உரைகல்!

அரிய நோயா? யார் சொன்னது?

மருத்துவப் புத்தகங்களில் இது வெகுகாலம் அரிய நோய்ப் பட்டியலில்தான் இருந்தது. ஆனால் பின்லாந்தில் 85 வயதைத் தாண்டி இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது, நான்கில் ஒருவரின் இதயத்தில் இந்தக் கசடு இருந்தது. எல்லாரும் இதனால் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. இருந்தது, அவ்வளவுதான். ஸ்பெயினின் மாட்ரிடில், இதயச் சுவர் தடித்து, சுருங்கும் திறன் மட்டும் சரியாக இருந்து, இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்கள் 120 பேரைச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு இந்த நோய்! நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இதய வால்வு சுருங்கிப் போய்க் குழாய் வழியே புது வால்வு பொருத்திக்கொண்ட முதியவர்களைப் பார்த்தார்கள். அங்கே 16 சதவீதம்.

தேடினால் கிடைக்கிறது. தேடத்தான் ஆளில்லை. ஏனென்றால் பார்வைக்கு இது சாதாரண நோய்களின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. வயதானவர், மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது. இரத்த அழுத்தத்தால் வந்திருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிழை என்று அந்த டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே இருக்கும்.

துப்புகள் என்னவோ கொட்டிக் கிடக்கின்றன. கை மரத்துப்போவது இதய நோய்க்கு 5 முதல் 10 ஆண்டு முன்பே வரலாம், அதிலும் இரண்டு கையிலும். முதுகெலும்புக் கால்வாய் குறுகி நடக்க முடியாமல் போகலாம். எடையே தூக்காத மனிதருக்குப் புஜத் தசைநார் படக்கென்று அறுந்து, கார்ட்டூன் பாப்பாய் போலத் தசை உருண்டு நிற்கலாம். 2017-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இந்த இதய நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு அப்படி அறுந்திருந்தது. மற்ற காரணங்களால் இதயம் தளர்ந்தவர்களில் அது வெறும் இரண்டரை சதவீதம்!

எனக்கு மிகவும் பிடித்த துப்பு வேறொன்று. இருபது வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று மாத்திரையே வேண்டாமல் போகிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டரும் நல்லது என்று மாத்திரையை நிறுத்துகிறார். விறைத்த இதயம் முன்போல இரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போனதால் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. நல்ல சேதியே நோயின் அடையாளமாக இருக்கும் இடங்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

இப்போது யோசியுங்கள். கையைப் பார்த்தவர் எலும்பு மருத்துவர். முதுகைப் பார்த்தவர் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர். மாத்திரையை நிறுத்தியவர் குடும்ப டாக்டர். படபடப்புக்கு மாத்திரை கொடுத்தவர் இதய மருத்துவர். பதினைந்து வருஷத்தில், நான்கு இடத்தில், நான்கு கோப்பில் விழுந்த குறிப்புகள் இவை. நான்கையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் படித்தவர் ஒருவருமில்லை. எந்த டாக்டருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?

மெஷினுக்கு இருக்கிறது.

பில் போடுகிறவர்கள் எழுதிய சரித்திரம்

அமெரிக்காவில் நோயாளி ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பில் போகும். அதில் நோயின் பெயர் இருக்காது, குறியீடுதான் இருக்கும். ஐசிடி என்கிற உலகளாவிய நோய்ப் பட்டியல். 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் போட்டுக் கொடுத்த மரணக் காரணப் பட்டியலில் இருந்து வளர்ந்தது. அதற்கும் முன்னால், 1662-இல் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி லண்டன் நகரத்துச் சாவுக் கணக்குகளைத் தொகுத்தபோது, சாவுக்கான காரணங்களில் ‘பல்’ என்று ஒன்று இருந்தது, ‘கிரகம்’ என்றும் ஒன்று இருந்தது. கிரகம் பிடித்துச் செத்தார்களாம்!

இன்றைய பட்டியல் அதைவிடத் தமாஷ். அமெரிக்கப் பதிப்பில் வாத்து தாக்கினால் ஒரு குறியீடு. விமான எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு குறியீடு. மாமனார் மாமியார் வீட்டாரோடு தகராறு என்றால் அதற்கும் ஒன்று, இசட்63.1. (நம்மூர்ப் பதிவேடுகளில் அதை நிரப்பத் தொடங்கினால் வேறு எதற்கும் இடமிருக்காது.) மணிக்கட்டு நரம்பு நெரிசலுக்கு ஜி56.0. ஆனால் வயோதிகத்தால் வரும் இந்த டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டுக்கு அமெரிக்கப் பட்டியலில் தனிக் குறியீடு கிடைத்தது எப்போது தெரியுமா? 2017 அக்டோபரில்! வாத்து முந்திக்கொண்டது.

யாரும் மருத்துவ ஆராய்ச்சிக்காக எழுதிய குறியீடுகள் அல்ல இவை. பணம் வாங்க எழுதியவை. ஆனால் ஒரு மனிதரின் பதினைந்து வருஷ பில்களை வரிசையாக அடுக்கினால் அது அவர் உடம்பின் சரித்திரம். அந்தச் சரித்திரத்தைத்தான் மெஷினிடம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து இதய மருத்துவர் சஞ்சீவ் ஷாவும் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. நோய் உறுதியான 1,071 பேர், வேறு காரணத்தால் இதயச் செயலிழப்பு வந்த 1,071 பேர். இருசாராரின் குறியீடுகளையும் காட்டி, வித்தியாசத்தை நீயே கண்டுபிடி என்று விட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய முறைக்குத் தற்செயல் காடு என்று பெயர். லியோ பிரைமன் என்ற புள்ளியியலாளர் 2001-இல் நிலைநிறுத்தியது. அதில் நூற்றுக்கணக்கான ‘மரங்கள்’. ஒவ்வொரு மரமும் கேள்வி கேட்டுக் கேட்டுக் கிளை பிரியும். கையில் நரம்பு நெரிசல் உண்டா? உண்டென்றால் இந்தப் பக்கம். முதுகெலும்புக் கால்வாய் குறுகியதா? அந்தப் பக்கம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்ததா? சீரற்ற துடிப்பு உண்டா? ஒவ்வொரு மரத்துக்கும் எல்லாத் தகவலையும் காட்டமாட்டார்கள். நோயாளிகளில் சிலர், குறியீடுகளில் சில என்று பிய்த்துப் பிய்த்துத்தான் காட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு மரமும் வெவ்வேறு விதமாகத் தப்பு செய்யும். கடைசியில் எல்லா மரங்களும் ஓட்டுப் போடும். தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, சரியானது மேலே மிதக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கையும் முதுகும் மூட்டும் முக்கியம் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதயக் குறியீடுகளோடு இதயமல்லாத குறியீடுகளும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படு என்று அதுவே பிடித்துக்கொண்டது. பழுத்த அமிலாய்ட் நிபுணர் ஒருவர் பல வருஷ அனுபவத்தில் கற்ற விஷயம் அது! பிறகு, பார்த்தே இராத மூன்று பெரிய தொகுப்புகளில் 9,412 நோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் கொடுத்துச் சோதித்தார்கள். கடைசியாக ஒரே ஆஸ்பத்திரியின் மின்னணுக் கோப்புகளில் 261 நோயாளிகளும் 39,393 மற்றவர்களும். எல்லாவற்றிலும் தேறியது.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம்

ஆச்சரியப்படும்போதே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் விஷயம், ஃபைசர்தான் இந்த நோய்க்கான முதல் மருந்தை விற்கும் கம்பெனி. அதிக நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டால் அதிகம் விற்கும். ஆய்வு பொய் என்று சொல்லவரவில்லை. கணக்கு கணக்குதான். யார் கேட்ட கேள்வி, யார் போட்ட பணம் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, பாதிக்குப் பாதி வைத்துச் சோதித்தால் எந்த மெஷினும் கெட்டிக்காரனாகத் தெரியும். நிஜ உலகம் அப்படி இல்லையே. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இதயச் செயலிழப்பு உள்ள 10,000 பேர். அவர்களில் 100 பேருக்குத்தான் இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்துவிடும், பிரமாதம்! ஆனால் நோயில்லாத 9,900 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 990 பேரை, வீணாகக் கை காட்டும். மணி அடித்த 1,080 பேரில் நிஜமான நோயாளிகள் 90 பேர்தான், பன்னிரண்டு பேருக்கு ஒருவர். தொண்ணூறு சதவீதம் சரி என்று விளம்பரத்தில் படிக்கும்போது இந்தப் பன்னிரண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு திருப்பமும் இருக்கிறது. ‘நோயில்லாதவர்கள்’ என்று மெஷினுக்குக் காட்டிய கூட்டத்தில், நோய் இருந்தும் யாரும் கண்டுபிடிக்காதவர்கள் எத்தனை பேர்? பின்லாந்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மெஷின் ஒருவரைத் தப்பாகக் கை காட்டியது என்று மதிப்பெண் குறைக்கிறோம். ஒருவேளை தப்பு பண்ணியது கோப்பாக இருக்கலாம், மெஷின் இல்லை. ஆசிரியரே விடைத்தாளில் சில கேள்விகளுக்குத் தவறான விடையை எழுதிவைத்திருக்கும் பரீட்சை இது.

கோப்புகள் நடுநிலையானவை அல்ல என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு, இதயத்தோடு நேரடிச் சம்பந்தமில்லாதது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணினிக் கணக்கை ஸியாட் ஓபர்மேயர் குழு ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் எழுதியது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று அந்தக் கணக்கு சொல்லும். எதை வைத்து? யாருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை வைத்து. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று மெஷின் முடிவுகட்டியது! கணக்கைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கண்டார்கள்.

இது அமிலாய்ட் விஷயத்தில் ஏன் உறைக்கிறது என்றால், டிரான்ஸ்தைரெட்டின் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, பரம்பரையாக இதயத்தைத் தாக்கும் வகை ஒன்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 3 முதல் 4 சதவீதம் பேரிடம் அந்த மாற்றம் உண்டு. சுமக்கிற எல்லாருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் வருகிறவர்கள், ‘பிரஷரால் வந்த இதயக் கோளாறு’ என்ற முத்திரையோடு கோப்பில் புதைந்துபோவதும் அதே கோப்பைப் படித்து மெஷின் வளர்வதும் நடக்கக்கூடியதுதானே.

மரபணு என்றதும் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு தாவு. இது வேறு புரதம், வேறு நோய். இதயத் தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதை 2009-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் சொன்னார்கள். ஆய்வின் முதல் பெயர் பெருந்துறை தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து! ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் அதில் உண்டு. இந்தக் குறைபாடு பிற்காலத்தில் இதயம் தளர்வதோடு தொடர்புடையது என்றார்கள். சுமப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் கூடவே இருக்கும் இன்னொரு மாற்றமும் இதில் பங்கு வகிக்கிறது என்று பிறகு வந்த ஆய்வு சேர்த்துச் சொன்னது.

வளைகோட்டில் ஒளிந்திருப்பது

பில்களை விட்டுத் தள்ளுங்கள். ஈசிஜி காகிதத்தில் நெளியும் கோடு இருக்கிறதே, அதைப் பார்த்து இது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? எந்த இதய நிபுணரையும் கேளுங்கள், சிரிப்பார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சுமார் 5 லட்சம் பேரின் ஈசிஜிகளைக் காட்டிப் பழக்கிய மெஷின் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னது! வயதையும் கிட்டத்தட்டச் சொன்னது. எதைப் பார்த்துச் சொல்கிறது என்று இன்னும் முழுசாக விளங்கவில்லை.

அமிலாய்டில் ஈசிஜிக்கு ஒரு விசித்திரம் உண்டு. தடித்த இதயம் என்றால் மின்சாரமும் பலமாக இருக்க வேண்டும், கோடுகள் உயரமாக எழ வேண்டும். இங்கே பலருக்கு எக்கோவில் சுவர் தடிப்பு, ஈசிஜியிலோ கோடு அதற்கேற்ப எழாமல் தணிந்து நிற்கும். தடித்திருப்பது தசையால் அல்ல, மின்சாரம் எழுப்பாத கசடால் என்பதே காரணம். மேயோ குழு இதய அமிலாய்டுக்கென்றே ஒரு மெஷினைப் பழக்கி 2021-இல் வெளியிட்டது. நோய் தெரியவருவதற்கு முன்பே எடுத்த பழைய ஈசிஜிகளை அதனிடம் காட்டினார்கள். அப்படிப் பழைய ஈசிஜி இருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு, டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாகவே மெஷின் சொல்லிவிட்டது!

மெஷின் மணி அடித்தால் மட்டும் போதாது, யாராவது உறுதிசெய்ய வேண்டும். முன்பெல்லாம் கழுத்து இரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்தி இதயத்திலிருந்து துணுக்கு எடுத்தார்கள். இப்போது பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. எலும்பு ஸ்கேனுக்காக உருவான ஒரு கதிரியக்க மருந்தை ஊசி போட்டால், எலும்புக்குப் போக வேண்டியது இந்த நோயாளிகளின் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பளிச்சென்று மின்னுகிறது! 2016-இல் லண்டனின் ஜூலியன் கில்மோர் தலைமையில் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து, கத்தி படாமலே இப்படி உறுதிசெய்யலாம் என்று நிறுவினார்கள். ஒரு நிபந்தனை உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறுவகை அமிலாய்ட் இல்லை என்று இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வகைக்குச் சிகிச்சையே வேறு, அவசரமும் அதிகம். அதை விட்டுவிட்டு ஸ்கேனை மட்டும் நம்பினால் ஆபத்து.

சீக்கிரம் தெரிந்து என்ன பயன்?

2019 வரை கேட்டிருந்தால் பதில் சங்கடம்தான். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஃபைசரின் டாஃபமிடிஸ் அனுமதி பெற்றது. ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தின் ஜெஃப்ரி கெல்லியின் ஆராய்ச்சியில் பிறந்த மருந்து. நான்கு துண்டுகளும் பிரியாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 441 நோயாளிகளிடம் 30 மாதம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதமும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 42.9 சதவீதமும் இறந்தார்கள். ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கவே ஒன்றரை வருஷம் ஆனது. ஏற்கெனவே படிந்த கசடை இது கரைப்பதில்லை, இனிமேல் படிவதைத்தான் தடுக்கிறது. முற்றிய நிலையில் வந்தவர்களுக்குப் பலன் குறைவு. பத்து வருஷம் முன்னால் கை மரத்தபோதே தெரிந்திருந்தால் என்ற ஏக்கம் இங்கேதான் வருகிறது.

விலை? வெளிவந்தபோது ஆண்டுக்கு 2,25,000 டாலர்! அமெரிக்காவில் அதுவரை வந்த இதய மருந்துகளிலேயே அதிக விலை. 2024 நவம்பரில் அகோரமிடிஸ் என்ற போட்டி மருந்தும், 2025 மார்ச்சில் கல்லீரல் இந்தப் புரதத்தை உற்பத்தி செய்வதையே அடக்கும் வூட்ரிசிரான் ஊசியும் இந்த இதய நோய்க்கு அங்கே அனுமதி பெற்றன.

மருந்தே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பது ஒரு சினிமாக் கதை. போர்ச்சுகலில் போவோவா டெ வார்சிம் என்ற மீனவ ஊர். 1939-இல் அந்த ஊர்ப் பெண் ஒருவர் போர்ட்டோ நகர ஆஸ்பத்திரியில் கோரினோ டெ அந்த்ராதே என்ற நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார். வயது 37. கால்களில் உணர்ச்சி இல்லை. எங்கள் ஊரில் இது பலருக்கு வரும், ‘கால் நோய்’ என்போம் என்றார். அந்த்ராதே ஊரையே துருவி, குடும்பம் குடும்பமாகக் குறிப்பெடுத்து, 1952-இல் உலகுக்குச் சொன்னார். டிரான்ஸ்தைரெட்டின் பரம்பரை நோயின் முதல் பெரும் ஆவணம் அது.

கெட்ட புரதத்தைத் தயாரிப்பது கல்லீரல்தானே, கல்லீரலையே மாற்றிவிடலாமே என்று 1990-இல் ஸ்வீடனில் தொடங்கினார்கள். அப்புறம்தான் அசல் திருப்பம். எடுத்துப் போட்ட அந்தக் கல்லீரல், இந்த ஒரு புரதத்தைத் தவிர மற்ற எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்கிறது! 1995-இல் போர்ச்சுகலின் கோயிம்ப்ராவில் லின்யாரெஸ் ஃபுர்தாடோ என்ற அறுவை நிபுணர் அதை வீணாக்காமல், கல்லீரல் கெட்டுச் சாகக் கிடந்த இன்னொருவருக்குப் பொருத்தினார். புரதம் கசடாகப் படிந்து நோயாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை அவர் வாழட்டுமே என்ற கணக்கு. சிலருக்கு அந்தக் கணக்கைவிடச் சீக்கிரமே நோய் வந்தது என்பது வேறு விஷயம். இறந்தவரிடமிருந்து வந்த ஒரு தானத்தில் இரண்டு பேர் பிழைத்தார்கள்.

போர்ச்சுகல் குடும்பங்களில் இன்னொரு புதையலும் கிடைத்தது. நோய் தரும் மரபணுவைச் சுமந்தும் சிலருக்கு நோய் வரவில்லை, வந்தாலும் மென்மையாக வந்தது. பார்த்தால், மறு பிரதியில் வேறொரு மாற்றம் இருந்து நான்கு துண்டுகளையும் இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. அதாவது ஒரு பிழைக்கு இன்னொரு பிழை காவல்! இயற்கை செய்த அந்தக் காரியத்தைப் பார்த்து, அதே மாதிரி பிடிக்க வடிவமைத்ததுதான் மேலே சொன்ன அகோரமிடிஸ்.

கசடு படிந்தால் படிந்ததுதான், பின்னால் திரும்பாது என்று எல்லாப் பாடநூலும் சொல்லிக்கொண்டிருந்தது. லண்டனில் தேசிய அமிலாய்ட் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே நோயாளி ஒருவர், டாக்டர், எனக்கு நன்றாக ஆகிவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். ஸ்கேன் எடுத்தால் உண்மை! உடனே 1,663 நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள், இந்தத் தடவை மெஷின் இல்லை, மனிதர்கள். இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். மூவரும் ஆண்கள், வயது 68, 76, 82. மூவரின் இதயத்திலிருந்தும் கசடு கரைந்துபோய், இதயம் கிட்டத்தட்ட இயல்புக்கே திரும்பியிருந்தது. 2023-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்தச் செய்தி வந்தது. அவர்கள் இரத்தத்தில், இந்தக் கசடை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளை அவர்கள் உடம்பே தயாரித்து வைத்திருந்தது! வழக்கம்போல நோய் முற்றிக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளிடம் தேடியபோது அது கிடைக்கவில்லை. அந்த மூன்று பேரின் உடம்பு மட்டும் ஏன் அதைக் கற்றுக்கொண்டது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.